கேட்க வேண்டிய இடமும் கேட்க வேண்டாத இடமும்

(புதுச்சேரியில் கல்லூரி ஆசிரியர்களுக்கான பயிலரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'வகுப்பில் படம் காட்ட அனுமதி வாங்குவது எப்படி?' என்பது எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு. சட்டத்துக்குப் போகும் முன் ஒரு கடிதத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். எம்.ஏ. வகுப்பில் புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை' நடத்திக்கொண்டிருந்தேன். அந்தக் கதையிலிருந்து ஒரு பொறியை எடுத்துக்கொண்டு மகேந்திரன் 1979இல் 'உதிரிப்பூக்கள்' எடுத்தார். கதையைப் படித்த கையோடு படத்தையும் பார்த்துவிட்டால், நான் நான்கு வாரம் தொண்டை வறளப் பேசுவதைவிடப் பிள்ளைகளுக்கு அதிகம் புரியும் என்று தோன்றியது. வீடியோ லைப்ரரியில் கேசட் இருந்தது. டெக்கும் டிவியும் நாள் வாடகைக்குக் கிடைக்கும். எல்லாம் தயார். முறைப்படி செய்வோம் என்று முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதினேன். நான்கு நாள் கழித்து அது திரும்பி வந்தது. ஓரத்தில் பச்சை மையில் ஒரே வரி: 'உரியவரிடம் அனுமதி பெற்றுச் சமர்ப்பிக்கவும்.'

உரியவர் யார்? இயக்குநரா, தயாரிப்பாளரா, கேசட் கம்பெனியா? தெரியாது. கேசட் உறையில் இருந்த சென்னை முகவரிக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து உறை பிரிக்கப்படாமல் திரும்பியது. 'அப்படி ஒருவர் இல்லை' என்று தபால்காரர் பென்சிலால் கிறுக்கியிருந்தார். அதற்குள் பாடமே முடிந்துவிட்டது.

அதே வருடம், அதே கல்லூரி, கட்டட நிதிக்காக மைதானத்தில் வெள்ளைத்திரை கட்டி ஒரு புதுப்படம் போட்டது. நன்கொடைச் சீட்டு விற்றார்கள். ஊரே வந்தது. வாசலில் சுண்டல் வியாபாரம் அமோகம். அன்றைக்கு எந்தக் கடிதத்திலும் யாரும் பச்சை மையில் எழுதவில்லை. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவே இல்லை, எனக்கும் தோன்றவில்லை. நானும் சீட்டு விற்றவன்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பல வருடம் கழித்துப் படித்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கேட்க வேண்டாத இடத்தில் மூன்று வாரம் காத்திருந்திருக்கிறேன். கேட்டே ஆக வேண்டிய இடத்தில் சீட்டுக் கிழித்துக் கொடுத்திருக்கிறேன். இன்றைக்கும் நம் கல்லூரிகளில் பெரும்பாலும் இதே தலைகீழ்தான் நடக்கிறது. அதை நேராக்குவது மட்டும்தான் இந்த உரையின் நோக்கம்.

முதலில் உள்ளே நடப்பதைப் பார்ப்போம்.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 52ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. எவையெல்லாம் உரிமை மீறல் ஆகாது என்று அடுக்கும் நீளமான பட்டியல் அது. அதில் ஆசிரியருக்கு வேண்டியவை இரண்டு. பாடம் நடத்தும் போக்கில் ஆசிரியரோ மாணவரோ எந்தப் படைப்பையும் படியெடுக்கலாம் என்கிறது 52(1)(ஐ). கல்வி நிறுவனத்தின் செயல்பாடுகளின் போக்கில் திரைப்படத்தைக் காட்டலாம் என்கிறது 52(1)(ஜே). பின்னதற்கு ஒரே நிபந்தனை, பார்ப்பவர்கள் யார் என்பது. ஆசிரியர்கள், ஊழியர்கள், மாணவர்கள், மாணவர்களின் பெற்றோர், காப்பாளர்கள், நிறுவனத்தின் செயல்பாடுகளோடு தொடர்புடையவர்கள். இந்த வட்டத்துக்குள் இருக்கும்வரை நீங்கள் யாருக்கும் கடிதம் எழுத வேண்டியதில்லை. முழுப் படத்தையும் காட்டலாம்.

சட்டத்தின் சொற்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். படியெடுப்பதற்குப் 'பாடம் நடத்தும் போக்கில்' என்று சொன்ன சட்டம், படம் காட்டுவதற்கு 'நிறுவனத்தின் செயல்பாடுகளின் போக்கில்' என்று கையை அகல விரிக்கிறது. பாடத்திட்டத்தில் இருக்கும் படம்தான் என்றில்லை. துறையின் திரைப்பட மன்றம் சனிக்கிழமை மதியம் மாணவர்களுக்கு மட்டும் போடும் படத்துக்கும் அதில் இடம் இருக்கிறது.

இதை ஏட்டுச் சுரைக்காய் என்று நினைத்துவிடாதீர்கள். உச்ச நீதிமன்றம் வரை போய் வந்த விஷயம். கன்னட எழுத்தாளர் சிவராம காரந்த், யட்சகானத்தைப் புதுக்கி ஒரு நாட்டிய வடிவத்தை உருவாக்கினார். அவர் காலத்துக்குப் பிறகு அதன் உரிமை உயிலின்படி ஒருவருக்குப் போனது. மணிப்பாலில் இருக்கும் ஒரு கல்வி அமைப்பு 2001இல் டெல்லியில் அந்த வடிவத்தை அரங்கேற்ற, உரிமையாளர் வழக்குப் போட்டார், வென்றார். 2009இல் உச்ச நீதிமன்றமும் அவருடைய உரிமையை ஒப்புக்கொண்டது. ஆனால் தடையுத்தரவுக்கு ஒரு வாலையும் சேர்த்தது: கல்வி நிறுவனம் தன் ஆசிரியர், மாணவர், பெற்றோர் வட்டத்துக்குள் நிகழ்த்தினால் இந்தத் தடை அதைத் தொடாது. ஒரே நிறுவனம், ஒரே ஆட்டம். டெல்லி மேடையில் ஆடினால் அனுமதி வேண்டும்; தன் பிள்ளைகளுக்கு ஆடினால் வேண்டாம். ஆட்டத்தின்மேல் இருந்த கண்ணை எடுத்து, எதிரே உட்கார்ந்திருப்பவர்கள்மேல் வைத்தது நீதிமன்றம்.

முழுப் படம் வேண்டாம், ஐந்து காட்சிகளை வெட்டி ஒட்டி வைத்துக்கொண்டு பாடம் நடத்துகிறேன் என்பவர்களுக்கு (ஐ) பிரிவு இருக்கிறது. அதற்குப் பக்கபலம் டெல்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை வழக்கு. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் 2012இல் ஒரு சின்ன ஜெராக்ஸ் கடைமேல் போட்ட வழக்கு அது. 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம், பாடம் நடத்துவது என்பது மணி அடித்ததிலிருந்து மணி அடிக்கும்வரை நடப்பது மட்டும் இல்லை, அதற்கான ஆயத்தமும் அதில் சேரும் என்று விரிவாகவே பொருள் கொண்டது. அது புத்தகத்துக்குச் சொன்னது. ஆனால் (ஐ) பிரிவு 'எந்தப் படைப்பையும்' என்றுதான் பேசுகிறது. திரைப்படமும் அதில் அடக்கம்.

அப்படியானால் நமக்கு இவ்வளவு பயம் எங்கிருந்து வந்தது? பாதி, பச்சை மையிலிருந்து. மீதி, இணையத்திலிருந்து. 'வகுப்பில் படம் காட்டலாமா' என்று ஆங்கிலத்தில் தேடிப் பாருங்கள். வந்து நிற்பவை அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்களின் வழிகாட்டிகள். அங்கே 1976ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு சலுகை தருகிறது. லாப நோக்கமில்லாத நிறுவனம், நேருக்கு நேர் பாடம், வகுப்பறை, முறையாகத் தயாரான பிரதி என்று அதற்கு நாலு பூட்டு. வகுப்புக்கு வெளியே திரைப்பட மன்றம் போட்டால் தனியாகத் திரையிடல் உரிமை வாங்க வேண்டும். அதைப் படித்துவிட்டு நம் ஆசிரியர் இங்கே நடுங்குகிறார்.

பிரான்சைப் பாருங்கள். இந்த ஊரில் பிரான்சைத் தொடாமல் ஒரு சொற்பொழிவு முடிந்தால் யாரும் நம்ப மாட்டார்கள். பாடத்துக்காகப் படைப்புகளின் பகுதிகளைப் பயன்படுத்தலாம் என்று அங்கே சட்டத்தில் எழுதியதே 2006இல்தான். அது நடைமுறைக்கு வந்த 2009இல், கல்வி அமைச்சகம் உரிமையாளர் அமைப்புகளோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. கட்டணமில்லாத தொலைக்காட்சியில் ஒளிபரப்பான படமென்றால் முழுதாகக் காட்டலாம். கடையில் வாங்கிய டிவிடி என்றால் ஒரு பகுதிதான். ஆறு நிமிடம், அதுவும் படத்தின் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஆறு நிமிடத்தில் 'உதிரிப்பூக்க'ளைக் காட்டச் சொன்னால், எழுத்துப் போட்டு முடித்ததும் பிள்ளைகளை எழுந்து போகச் சொல்ல வேண்டியதுதான்.

எல்லை தாண்டினால் சட்டம் மாறும் என்பதைப் புதுச்சேரிக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அந்தப் பக்கம் பிரிட்டிஷ் ஆட்சியில் அச்சடிக்க முடியாத எழுத்தை இந்தப் பக்கம் பிரெஞ்சு ஆட்சியில் அச்சடிக்கலாம் என்பதால்தான் பாரதி 1908இல் இங்கே வந்து பத்து வருடம் இருந்தார். இன்றைக்கும் தமிழ்நாட்டு எல்லையில் இருக்கும் கோரிமேட்டைத் தாண்டினால் என்னென்ன விலை மாறும் என்று உங்களுக்குத் தெரியும், என் வாயைக் கிளறாதீர்கள். பதிப்புரிமையில் மட்டும் கோரிமேடு இல்லை. இரண்டு பக்கமும் ஒரே சட்டம். நாம் போய் வேறொரு நாட்டின் சோதனைச்சாவடியில் வரிசையில் நின்றுகொண்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

சரி, இப்போது வெளியே வருவோம்.

வட்டம் எங்கே உடைகிறது? பக்கத்துக் கல்லூரி மாணவர்களை அழைக்கும்போது. 'அனைவரும் வருக' என்று சுவரொட்டி ஒட்டும்போது. சீட்டு விற்கும்போது. அந்த நிமிடத்திலிருந்து அது பொதுத் திரையிடல். உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். சுண்டல் விற்ற எங்கள் மைதானம் இந்தக் கணக்கில்தான் வரும்.

ஆன்லைன் வகுப்பு? பிரிவின் சொற்களிலேயே, அந்த வட்டத்துக்குள் இருப்பவர்களுக்குப் படத்தைக் 'கொண்டுசேர்ப்பது' என்பதும் இருக்கிறது. ஆகவே பதிவு செய்த மாணவர்கள் மட்டும் கடவுச்சொல் போட்டு நுழையும் வகுப்பு ஒன்று. அந்தச் சுட்டி வாட்ஸப் குழுக்களில் உலா வருவது வேறொன்று. படத்தோடு சேர்த்து வகுப்பைப் பதிவுசெய்து யூடியூபில் ஏற்றினால் வட்டம் உலகமாகிவிடும்.

ஓடிடி? இங்கேதான் பலரும் சறுக்குகிறோம். பதிப்புரிமைச் சட்டம் ஒன்று, நீங்கள் 'சம்மதம்' என்று அமுக்கிய ஒப்பந்தம் இன்னொன்று. நெட்ஃப்ளிக்ஸ் கணக்கு தனிப்பட்ட, வணிகமில்லாத பயன்பாட்டுக்கு மட்டும், வீட்டாரைத் தாண்டிப் பகிரக் கூடாது என்று அதன் நிபந்தனை சொல்கிறது. சட்டம் உங்களைக் குற்றவாளி ஆக்காவிட்டாலும் நிறுவனம் உங்கள் கணக்கை மூடலாம். சில ஆவணப்படங்களுக்கு மட்டும் ஒரு முறை கல்வித் திரையிடலுக்கு அவர்களே அனுமதி தருகிறார்கள். படத்தின் விவரப் பக்கத்தில் அது எழுதியிருக்கும், பாருங்கள். திருட்டுப் பிரதியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. காட்ட அனுமதி இருக்கிறது என்பதால் திருடிய பொருள் நல்ல பொருள் ஆகிவிடாது. துறை நூலகத்துக்கு ஒரு டிவிடி வாங்குங்கள்.

தணிக்கைச் சான்றிதழ் தனிக் கதை. 1952ஆம் ஆண்டின் சினிமாட்டோகிராஃப் சட்டம் பொதுக் காட்சியைப் பற்றிப் பேசுகிறது. ஊரை அழைத்துச் சான்றிதழ் இல்லாத குறும்படங்களையும் ஆவணப்படங்களையும் விழாவாகப் போடுகிறீர்கள் என்றால், தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம் விலக்கு கேட்க வேண்டும். 'ஏ' சான்றிதழ் பதினெட்டு நிறைந்தவர்களுக்கு. முதலாம் ஆண்டில் பாதிப் பேருக்குப் பதினேழுதான் ஆகியிருக்கும். படத்தைத் தேர்ந்தெடுக்கும்போது வருகைப் பதிவேட்டையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

நிர்வாகத்தின் அனுமதி என்பது மூன்றாவது. அது கல்லூரியின் ஒழுங்கு சார்ந்தது. முதல்வரிடம் சொல்லாமல் அரங்கைத் திறக்க முடியாது, அது நியாயம். ஆனால் 'பிரச்சினை வரும்' என்ற ஒரே சொல்லில் எல்லாக் கோப்பும் மூடப்படுவது பழக்கமாகிவிட்டது. 2023 ஜனவரியில் டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஒரு பிபிசி ஆவணப்படத்தைத் திரையிட இருந்த மாலையில் மின்சாரம் நின்றது. மாணவர்கள் கைபேசியில் பார்த்தார்கள். அன்று நடந்த வாதத்தில் பதிப்புரிமை என்ற சொல்லுக்கு வேலையே இருக்கவில்லை. இந்த இடத்தில் ஒரு தமிழ்ப் படத்தின் வழக்கை நினைவுபடுத்துகிறேன். 'ஒரே ஒரு கிராமத்திலே'. இடஒதுக்கீட்டைப் பற்றிய அதன் பார்வை பிடிக்காமல் எதிர்ப்பு எழுந்தது, சென்னை உயர் நீதிமன்றம் சான்றிதழை ரத்து செய்தது. 1989இல் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிக் கொடுத்தது. கலவரம் வரும் என்ற மிரட்டலுக்காகக் கருத்தை அடக்க முடியாது, பாதுகாப்புக் கொடுப்பது அரசின் கடமை என்றது. அந்தப் படத்தின் கருத்து எனக்கு உடன்பாடானதில்லை. அதனால்தான் அந்தத் தீர்ப்பை வகுப்பில் நடத்துகிறேன்.

இத்தனைக்கும் பிறகு உங்களில் ஒருவர் கேட்கலாம்: வெளியே காட்டும்போது அனுமதி கேட்காமல் விட்டால்தான் என்ன, யார் பார்க்கப் போகிறார்கள்? பதிலுக்கு நாகர்கோவில்காரர் ஒருவரின் கதை. சுந்தர்ராஜ் என்று பெயர். 1933இல், சி.வி. ராமன் பிள்ளையின் 'மார்த்தாண்ட வர்மா' நாவலை மௌனப் படமாக எடுத்தார். நாவலின் பதிப்புரிமை திருவனந்தபுரத்தில் கமலாலயா புத்தக நிலையத்திடம் இருந்தது. அவர்களிடம் கேட்கவில்லை. படம் வெளியான கையோடு வழக்கு வந்தது, பிரதி பறிமுதல் ஆனது, தயாரிப்பாளர் கை நொடிந்தார். அந்தப் படச்சுருள் புத்தகக் கடையிலேயே கிடந்தது. 1974இல் புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதை மீட்டது. தென்னிந்தியாவில் எடுத்த மௌனப் படங்கள் ஏறக்குறைய எல்லாமே அழிந்துபோக, நமக்கு மிஞ்சிய ஒன்று இது. பறிமுதல் ஆனதால் பிழைத்த படம் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். எடுத்தவருக்கு அது வேடிக்கையாக இருந்திருக்காது.

உரிமை என்பது ஒரே முடிச்சு இல்லை என்பதையும் அந்தக் கதை சொல்கிறது. என் பழைய பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். புதுமைப்பித்தன் படைப்புகள் 2002இல் நாட்டுடைமை ஆகிவிட்டன. 'சிற்றன்னை'யை யாரும் அச்சிடலாம். படத்துக்கு உரிமைக்காலம், வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து அறுபது வருடம். 1979இல் வந்த 'உதிரிப்பூக்கள்' 2039 முடியும்வரை உரிமையாளருடையது. கதை ஊருக்குச் சொந்தம், படம் ஒருவருக்குச் சொந்தம். 1952இல் வந்த 'பராசக்தி'க்கு இந்தக் கணக்குப்படி படத்தின் உரிமைக்காலம் 2012 இறுதியோடு முடிந்துவிட்டது. அப்படிப்பட்ட பழைய படங்களிலும் உள்ளே இருக்கும் பாட்டுக்கும் வசனத்துக்கும் எழுதியவரின் உரிமை தனியாக உயிரோடு இருக்கலாம். பொதுவில் காட்டும்போது அதையும் விசாரித்துவிடுங்கள்.

கேட்பது எப்படி? நான் இதுவரை எழுதிய கடிதங்களில் பதில் வந்தவை எல்லாம் ஒரு பக்கத்துக்குள் அடங்கியவை. எந்த நாள், எந்த அரங்கு, எத்தனை பேர், சீட்டு உண்டா இல்லையா, ஒரு முறையா பல முறையா, பிரதியை எங்கிருந்து எடுக்கிறோம், முடிந்ததும் என்ன செய்வோம். இவ்வளவுதான். 'தங்கள் மேலான திரைப்படத்தைக் காண மாணவச் செல்வங்கள் பேராவலுடன்' என்று தொடங்கிய கடிதங்களுக்கு இன்றுவரை பதில் இல்லை. ஆவணப்படக்காரர்கள் உடனே எழுதிவிடுகிறார்கள். பலர் பணம் கேட்பதில்லை; கேட்பவர்களும் கேட்பது சின்னத் தொகை. கல்லூரி விழாவுக்குப் பந்தல் போட்டவருக்குக் கொடுக்கும்போது பேசாத பேரத்தை ஆவணப்படக்காரரிடம் பேசாதீர்கள். பழைய படங்களுக்குப் புனே காப்பகம் இருக்கிறது; 1964இல் தொடங்கியது, இப்போது தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் கீழ் வந்துவிட்டது. நம் ஊரிலேயே வருடந்தோறும் அரசு, நவதர்ஷன் திரைப்படக் கழகம், அலியான்ஸ் பிரான்சேஸ் சேர்ந்து இந்தியப் பனோரமா விழா நடத்துகின்றன, சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் விருதும் கொடுக்கிறார்கள். பொதுத் திரையிடலுக்கு எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று தெரிந்தவர்கள் இரண்டு தெரு தள்ளி இருக்கிறார்கள்.

என் கதையை முடித்துவிடுகிறேன். சட்டத்தைப் படித்த பிறகு அதே பாடம் மறுபடி வந்தது. இந்த முறை கடிதத்தில் அனுமதி என்ற சொல்லே இல்லை. 'இன்ன பிரிவின்படி, இன்ன வகுப்பு மாணவர்களுக்கு மட்டும், இன்ன தேதியில் காட்டுகிறேன், தகவலுக்கு' என்று இரண்டு வரி. முதல்வர் படித்துவிட்டு நிமிர்ந்தார். "இத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா சார்?" என்றார். பச்சை மையில் கையெழுத்து மட்டும் விழுந்தது.

ஆனால் பீரியட் ஐம்பது நிமிடம், படம் இரண்டு மணி நேரத்துக்கு மேல். முடிவில் இருக்கும் ஆற்றங்கரைக் காட்சிக்குப் படம் வருவதற்குள் மணி அடித்துவிடும். அடுத்த இரண்டு பீரியடும் இலக்கணம் நடத்தும் மூத்த பேராசிரியருடையவை. அவரோ லீவு எடுத்து யாரும் பார்த்ததில்லை. அவர் அறை வாசலில் போய் நின்றேன். எந்தச் சட்டத்திலும் அதற்கு விலக்கு இல்லை. "என்னய்யா, சினிமாவா?" என்றார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நானும் வந்து ஒக்காரலாமா?" என்று கேட்டார்.

ஆசிரியர் அந்த வட்டத்துக்குள் வருபவர்தான், ஐயா தாராளமாக வரலாம் என்றேன்.